உரத்தொட்டி நாற்றம்: மூடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்

வணக்கம். உங்கள் பேரூராட்சி உரத்தொட்டி பத்தே நாளில் நாறுகிறது, புழு நெளிகிறது, பக்கத்துத் தெருக்காரர்கள் மூடச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து மூட விடாதீர்கள். மூடினால் அந்தக் குப்பை ஏரிக்கரைக்குத்தான் போகும்.

நான்கு பக்கமும் பூசி அடைத்த சுவர், அடியில் கறுப்புச் சாறு என்கிறீர்கள். காற்று புகவில்லை, ஈரம் அதிகம். நாற்றத்துக்குக் காரணம் அதுதான். ஒரு பிடி அள்ளிப் பிழியுங்கள். ஓரிரு சொட்டுக்கு மேல் வடிந்தால் காய்ந்த இலைச் சருகு போதவில்லை என்று அர்த்தம். தெருவில் கூட்டும் சருகை எரிக்கிறார்களா? முதலில் அதை நிறுத்தி, மூட்டை கட்டி வைக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு அதுதான் தங்கம்.

கேரளத்தின் தும்பூர்முழி முறை இதற்குச் சரியாக வரும். சுமார் 4 அடிக்கு 4 அடி தொட்டி, சுவரில் இடைவெளி. சாணம், சருகு, காய்கறிக் கழிவு என்று அடுக்கடுக்காகப் போட்டு, மேலே சருகால் மூட வேண்டும். கிளற வேண்டாம், நிரம்பிய பிறகு ஏறக்குறைய 90 நாளில் உரம். உங்கள் தொட்டியை இடிக்க வேண்டியதில்லை, இடையிடையே செங்கல்லை உருவினாலே காற்று வரும். நடுவில் இரும்புக் கம்பியைச் செருகி எடுத்தால் நன்றாகச் சுட வேண்டும். அந்தச் சூட்டில் புழு தங்காது.

தூய்மைப் பணியாளர்களை வெறுங்கையால் குப்பை பிரிக்க வைக்காதீர்கள். வீட்டிலேயே பிரித்துத் தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லப்பட்டது. பிரிக்காத வாளியைத் திருப்பிக் கொடுக்க, முதல் வாரம் வார்டு உறுப்பினரும் வண்டியோடு நடக்கட்டும்.