ஓட வராத குஞ்சுகளும் ரொபியும்: ரீச்சரிடம் கேட்டவை

பாடசாலைகளில் பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து நடத்துகிற இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் கிட்ட வருகிற காலம். சின்னப் பிள்ளைகளை ஓடப் பழக்குவது எப்படி என்று பெற்றோர் பலர் கேட்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்குகிற ஆசிரியை நான். நாலு வயது தொடங்கி எட்டு வயது வரையான பிள்ளைகளை நினைத்தே பதில் எழுதுகிறேன்.

கோண்டாவிலில் இருந்து ஒரு அம்மா: ரீச்சர், மகனுக்கு ஐந்து வயது. நானும் இவரும் பின்னேரம் ஓடப் போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போனோம். முதலில் ஆசையாக வந்தான். இப்போது படலையடியில் குந்திவிடுகிறான். ஓடி முடித்தால் ரொபி என்றால்தான் எழும்புகிறான். கொடுக்கலாமா?

ஒன்றிரண்டு நாள் கொடுத்ததில் பிழையில்லை அம்மா. ஓட்டத்தின் ருசி தெரியாத பிள்ளையை வெளியே இறக்க ஏதோ ஒரு ஆசை காட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த ரொபி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஓட்டம் முடிகிற இடத்தில் இருக்கிறது. அப்படியென்றால் மகனுக்கு ஓட்டம் என்பது ரொபிக்குக் குறுக்கே நிற்கிற வேலி. எப்போது முடியும் என்றுதான் நினைப்பான்.

1973இல் அமெரிக்காவில் லெப்பர், கிறீன், நிஸ்பெற் என்ற மூவர் ஒரு பாலர் பாடசாலையில் இதைச் சோதித்தார்கள். படம் கீறுவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம், 'கீறினால் சான்றிதழ் தருவோம்' என்று முன்கூட்டியே சொல்லிக் கீற வைத்தார்கள். சில நாட்களுக்குப் பிறகு கவனித்தபோது, அந்தப் பிள்ளைகள் தாமாகப் படம் கீறுகிற நேரம் மற்றப் பிள்ளைகளுடையதில் பாதியளவுக்குக் குறைந்திருந்தது. முன்பு சொல்லாமல், கீறி முடித்த பிறகு சான்றிதழ் பெற்றவர்களின் விருப்பம் அப்படிக் குறையவில்லை. விலை பேசிய பரிசுதான் ஆசையைக் கெடுத்திருக்கிறது.

ஆகவே பரிசை ஓட்டத்துக்கு உள்ளே கொண்டுவாருங்கள். போக முன்னர் அப்பா ஒழுங்கையில் சோக்கால் அம்புக்குறி போட்டு வைக்கட்டும். எந்த மதிலடியில் எந்தக் கல்லுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டு மகன் ஓடட்டும். கிடைப்பது ஒரு சோகியோ மஞ்சாடி விதையோவாக இருந்தால் போதும். வாயில் போடுகிற வயதென்றால் விதை வேண்டாம், பெரிய சிப்பி வையுங்கள். தேடுவதில்தான் அவனுக்குச் சந்தோஷம்.

நல்லூரில் இருந்து ஒரு அப்பா: சோக் அம்புக்குறி நல்லது. நாளுக்கு நாள் அதையே செய்ய அலுக்காதா? வேறு என்ன செய்யலாம்?

அலுக்கும், அதனால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது பழைய கலண்டர் படம். கடைகள் தருகிற கலண்டர் எல்லா வீட்டிலும் இருக்கும். அதில் ஒரு நல்ல படத்தைப் பத்துப் பன்னிரண்டு துண்டாக வெட்டுங்கள். ஓடப் போகிற ஒவ்வொரு நாளும் வழியில் ஒரு துண்டு. வீட்டுக்கு வந்து சுவரில் ஒட்ட வேண்டியது பிள்ளை. யானையின் தும்பிக்கை இன்னும் கிடைக்கவில்லையே என்று அடுத்த நாள் அவளே உங்களை இழுப்பாள்.

அப்புறம், பாத்திரத்தை மாற்றிப் பாருங்கள். மணிக்கூட்டைப் பிள்ளையிடம் கொடுத்து உங்களை ஓட விடுங்கள். 'அப்பா, இன்னொருக்கால் ஓடுங்கோ, காணாது!' என்று பிள்ளை சொல்லட்டும். உங்களுக்கு ஸ்ரிக்கர் ஒட்டுகிறவளும் அவளாக இருக்கட்டும். பெரியவர்களுக்குப் பரிசு கொடுக்கிற அதிகாரத்தை விடப் பெரிய பரிசு அந்த வயதில் இல்லை. பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள், உங்களோடு அவளும் ஓடிக்கொண்டிருப்பாள்.

இன்றைக்கு எந்த வழியால் போவது என்று தெரிவு செய்கிற உரிமையும் பரிசுதான். முயல் போல, கொக்குப் போல, பஸ் போல ஓடுவதும் சரி. பஸ் என்றால் ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று ஆள் ஏற்ற வேண்டும். அந்த நிற்பதுதான் அவர்களுக்கு ஓய்வு.

மானிப்பாயில் இருந்து ஒரு அம்மா: நாலு வயதுப் பிள்ளை எவ்வளவு தூரம் ஓடலாம்?

தூரம் வைக்காதீர்கள். இந்த வயதில் பாய்ந்து ஓடி, நின்று, திரும்பப் பாய்வதுதான் இயல்பு. உலக சுகாதார நிறுவனம் மூன்று, நாலு வயதுக்கு நாளுக்கு 180 நிமிட உடல் அசைவும், அதில் 60 நிமிடமாவது இளைக்க இளைக்க விளையாடுவதும் வேண்டும் என்கிறது. ஐந்து வயதிலிருந்து இளைக்க இளைக்க விளையாடுவது சராசரியாக நாளுக்கு 60 நிமிடம். எல்லாம் ஒரே தடவையில் அல்ல, நாள் முழுவதற்கும் சேர்த்து. முற்றத்தில் கோழி கலைப்பதும் கணக்கில் வரும்.

வல்வெட்டித்துறையில் இருந்து ஒரு அப்பப்பா: பிள்ளை, கனடாவில் இருந்து பேரன் வந்து நிற்கிறான், ஏழு வயது. நாள் முழுக்க ரப் (ரப்லெற்) தான் பார்க்கிறான். ஓடிவிட்டு வந்தால் அரை மணித்தியாலம் ரப் தருகிறேன் என்று சொல்லிப் பார்க்கவா?

வேண்டாம் ஐயா. ரப்பைப் பரிசாக வைத்தால் அதன் மதிப்பு இன்னும் ஏறும். ரப்புக்கு ஒரு நேரம் தனியாக இருக்கட்டும், ஓட்டத்தோடு முடிச்சுப் போட வேண்டாம்.

உங்களிடம் அதைவிட நல்லது இருக்கிறது. தைப்பொங்கலுக்குப் பட்டப் போட்டி நடக்கிற ஊர் உங்களுடையது. சின்ன வால் பட்டம் ஒன்றை அவனோடு சேர்ந்து இருந்து கட்டுங்கள். வாடைக் காற்று விழுந்து கிடக்கிற நாளில் அதை ஏற்ற ஓடத்தான் வேண்டும், யாரும் ஓடு என்று சொல்லத் தேவையில்லை. பக்கத்து வளவுப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்தால் கிளித்தட்டுக் கோடு கீறிக் கொடுங்கள். கோட்டைத் தாண்டப் பாய்வதும், சடாரென்று திரும்புவதும், கிளியாக நின்று பிடிக்கிறவரிடம் பிடிபடாமல் நெளிவதும் நல்ல ஓட்டப் பயிற்சிக்குக் குறைந்ததல்ல. நடுவராக நீங்கள் நில்லுங்கள். தாத்தாவின் விளையாட்டு என்பதே அவனுக்குப் பெருமையாக இருக்கும்.

சுன்னாகத்தில் இருந்து ஒரு அம்மா: மகள் ஒரு ஸ்ரிக்கருக்கு ஓடியவள், இப்போது இரண்டு கேட்கிறாள். நாளைக்கு நாலு கேட்பாள் போல.

கேட்பாள். சண்டை போடாமல் மெல்லக் கழற்ற வேண்டும். 'ஒன்றுதான் குஞ்சு' என்று அமைதியாகச் சொல்லுங்கள், அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பிறகு கொஞ்ச நாள் கழித்து, ஸ்ரிக்கரைக் கிழமைக்கு ஒரு தடவையாக்கி, அட்டையில் அவளே பூப் போடுகிற மாதிரி மாற்றுங்கள். இடையிடையே அவள் எதிர்பார்க்காத நேரத்தில் ஏதாவது செய்யுங்கள்: ஒரு நாள் பண்ணைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கொஞ்ச நேரம் இருந்து காற்று வாங்குவது, வழியில் ஒரு இளநீர். முன்கூட்டியே சொல்லக் கூடாது.

இன்னொன்று, ஸ்ரிக்கர் எதற்கு என்பதைத் தெளிவாக வையுங்கள். வெளியே வந்து முயன்றதற்கு. வேகத்துக்கோ தூரத்துக்கோ அல்ல.

கொக்குவிலில் இருந்து ஒரு அப்பா: இல்லப் போட்டியில் முதலாவதாக வந்தால் சைக்கிள் என்று மகனுக்குச் சொல்லிவிட்டேன். ஆறு வயது.

சைக்கிளை வாங்கிக் கொடுங்கள், ஆனால் போட்டிக்கு முன்னரே, ஓட்டத்தோடு சம்பந்தமில்லாமல். முதலாம் இடம் அவன் கையில் இல்லை. பக்கத்துக் கோட்டில் ஓடுகிற பிள்ளை ஒரு வயது மூத்தது போல வளர்ந்திருக்கலாம். நாலாவதாக வந்து, சைக்கிளும் போய், அப்பாவின் முகத்தையும் பார்க்கப் பயந்து மைதானத்தில் நின்று அழுகிற பிள்ளைகளைக் காண எனக்குப் பொறுக்காது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

சாவகச்சேரியில் இருந்து ஒரு அம்மா: எட்டு வயது அண்ணா எப்போதும் வெல்கிறான். தங்கச்சி அழுதுவிட்டு நின்றுவிடுகிறாள்.

அவர்களை ஒருவரோடு ஒருவர் ஓட விடாதீர்கள், ஒரே அணியாக்குங்கள். அஞ்சல் ஓட்டம் போல ஒரு பூவரசம் தடியைக் கை மாற்றி ஓடி, நேற்றைய தங்களுடைய நேரத்தைத் தாங்களே வெல்லட்டும். பரிசும் இருவருக்கும் பொது.

உரும்பிராயில் இருந்து ஒரு அம்மா: மகன் ஓடவே மாட்டான். ஆனால் திண்ணை, வாய்க்கால், அடுக்கி வைத்த விறகு, எதைக் கண்டாலும் பாய்கிறான்.

அவனைப் பாய விடுங்கள்! யாழ் மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றார். நம் ஊர்ப் பிள்ளைதான். அவருடைய கதையை மகனுக்குச் சொல்லுங்கள். வழியில் தென்னோலை மட்டைகளை இடைவெளி விட்டுப் போட்டுவையுங்கள். ஒரு மட்டை பாய்ந்து அடுத்ததற்கு ஓடுவான். விறகுக் குவியலை மட்டும் தவிருங்கள், பூச்சி பாம்பு இருக்கும்.

அரியாலையில் இருந்து ஒரு அப்பா: எங்கள் ஒழுங்கையில் தெருநாய்கள். வெயில் வேறு. சப்பாத்துப் போட வேண்டுமா?

சித்திரையில் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வரும். அந்த நாட்களில் விடிய வெயில் ஏறுமுன், அல்லது பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு. தாகம் என்று பிள்ளை சொல்லும்வரை காத்திராமல் இடையில் தண்ணீர் கொடுங்கள். சுத்தமான மணலில் வெறுங்கால் நல்லது. மைதானப் புல்லில் நெருஞ்சி முள் இருந்தால் சப்பாத்து.

நாய் வந்தால் ஓடாமல், கையைக் கீழே விட்டு அசையாமல் நிற்க வேண்டும். இதையே 'சிலை' விளையாட்டாகப் பழக்குங்கள்: நீங்கள் 'சிலை!' என்றதும் ஓடுகிறவர்கள் உறைய வேண்டும். கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்கு. நாய் அதிகமென்றால் கோயில் வீதியோ பாடசாலை மைதானமோ பாருங்கள்.

இணுவிலில் இருந்து ஒரு அம்மா: மகளுக்கு இடைக்கிடை இழுப்பு (ஆஸ்துமா) வரும். ஓட விடலாமா?

பெரும்பாலான பிள்ளைகள் ஓடலாம், ஆனால் அவளைப் பார்க்கிற வைத்தியரிடம் முதலில் கேளுங்கள். ஓட முன்னர் பம்ப் எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும், பம்ப் உங்கள் கையில் எப்போதும் இருக்க வேண்டும். முதலில் ஆறுதலாக நடந்து உடம்பைச் சூடாக்குங்கள். இருமலோ நெஞ்சு இறுக்கமோ வந்தால் உடனே நிறுத்தி இருத்துங்கள், வைத்தியர் சொன்ன மருந்தைக் கொடுங்கள். குறையாவிட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சளி பிடித்த நாளில் முற்றத்தில் மெல்ல நடந்தால் போதும். அன்றைக்கும் ஸ்ரிக்கர் உண்டு என்று அவளிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் இழுப்பை மறைத்துக்கொண்டு ஓடப் பார்ப்பாள்.