சிவக்கும் கிணற்று நீரும் ஆர்சனிக் பயமும்

கேள்வி: ஐயா, நீலகிரியில் கேத்திப் பள்ளத்தாக்கில் ஒன்றரை ஏக்கரில் கேரட்டும் பீட்ரூட்டும் போட்டிருக்கிறேன். சதுப்பை ஒட்டி 18 அடி உறைக்கிணறு. இறைக்கும்போது தெளிவாக வரும் தண்ணீர், குடத்தில் இரண்டு மணி நேரத்தில் சிவந்துவிடுகிறது. மேலே எண்ணெய் போல மினுங்குகிறது. இரண்டு வருடமாகத்தான் இப்படி. வடிகட்டி விற்க வந்தவர் தம்ளரில் இரண்டு கம்பியை விட்டு, பழுப்புச் சேறு வருவதைக் காட்டி, "ஆர்சனிக்" என்கிறார். 65,000 ரூபாய்க்கு மெஷின் போடச் சொல்கிறார். வீட்டில் சின்னப் பிள்ளைகள், இரண்டு கறவை மாடு. கிணற்று மேட்டில்தான் கோழி எரு இறக்குவோம், வேறு இடமில்லை. கேரட்டில் விஷம் ஏறியிருக்குமா?

பதில்: முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கம்பி வித்தை மோசடி. மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பியே கரைந்து சேறாகிறது. உப்பு கொஞ்சம் கலந்த எந்த ஊர்த் தண்ணீரிலும் அது வரும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரும் இதற்கு உதவாது. குடிநீரில் ஆர்சனிக் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அந்த மீட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குக் கீழே கண் தெரியாது.

சிவப்பது இரும்பு. மினுங்கும் படலத்தைக் குச்சியால் தொட்டுப் பாருங்கள்: சில்லுசில்லாக உடைந்தால் இரும்புப் படலம், மறுபடி கூடினால் எண்ணெய். ஆர்சனிக்குக்கு நிறமோ மணமோ சுவையோ கிடையாது. கொதிக்க வைத்தாலும் போகாது.

ஆனாலும் உங்கள் பயத்துக்குக் காரணம் உண்டு. வங்காள டெல்டாவில், இமயமலை ஆறுகள் கொண்டுவந்த இளம் வண்டலில் மணல்மேல் துருப் பூச்சு இருக்கிறது. ஆர்சனிக் அதில் ஒட்டியிருக்கிறது. புதைந்த மட்கு அழுகி ஆக்சிஜன் தீர்ந்ததும், நுண்ணுயிர்கள் துருவைக் கரைக்கின்றன. இரும்போடு ஆர்சனிக்கும் நீரில் இறங்குகிறது. உங்கள் சதுப்பிலும் துரு அதே வழியில்தான் கரைகிறது. ஆனால் நம் மலை பழைய சார்னோகைட் பாறை, மேலே அது சிதைந்த செம்மண். டெல்டா வண்டல் இங்கே இல்லை என்பதால் ஆர்சனிக்குக்கு வாய்ப்பு குறைவு. பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர், அதனால் ஒருமுறை சோதித்தே ஆகவேண்டும்.

மாதிரி எடுப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். மோட்டாரை 15 நிமிடம் ஓடவிட்டு, ஆய்வகம் தரும் நைட்ரிக் அமிலம் விட்ட பாட்டிலில் நேராகப் பிடியுங்கள். சாதாரண பாட்டிலில் பிடித்தால் வழியிலேயே துரு படிந்து ஆர்சனிக்கையும் இழுத்துக்கொண்டு அடியில் உட்காரும். மேல்தண்ணீரை மட்டும் அளந்து "இல்லை" என்று அறிக்கை வரும். 0.01-க்குக் கீழேயும் அளக்கும் கருவி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

கேரட்டுக்குக் கவலை வேண்டாம். நீர் தேங்காத மேட்டுப்பாத்தியில் மண்ணின் துருவே ஆர்சனிக்கைப் பிடித்துவைக்கும். நீர் தேங்கும் நெல் வயலுக்குத்தான் அந்த ஆபத்து அதிகம். பாசன நீருக்கு 0.1, மாட்டுக்கு 0.2 மில்லிகிராம் வரை ஏற்பார்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது அந்தக் கோழி எருவைப் பற்றி. இரண்டு வருடமாகச் சிவக்கிறது என்றால் என் முதல் சந்தேகம் அதன்மேல்தான். மழையில் வடியும் எருச்சாறு கிணற்றைச் சுற்றியுள்ள ஆக்சிஜனைத் தின்கிறது, மண்ணின் இரும்பு கரைகிறது. கூடவே மலக்கிருமியும் இறங்கும். பிள்ளைகளை இன்றைக்கே படுக்கவைக்கக் கூடியது அதுதான், ஈ.கோலை சோதனையையும் சேர்த்துக் கொடுங்கள். பச்சைக் கோழி எருவை லாரியோடு இறக்கிவிட்டு "அப்படியே போடுங்கள்" என்று சொல்லும் வியாபாரி உங்கள் கிணற்றைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை. குவியலைக் கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி, கிணற்றை நோக்கிச் சரியாத பக்கத்துக்கு மாற்றுங்கள். இடமில்லை என்றால் பாதி லோடு வாங்குங்கள். காய்ந்த புல், கவாத்துச் சுள்ளி கலந்து, ஒரு மீட்டருக்கு மேல் உயரமாகக் குவித்து, தார்ப்பாயால் மூடுங்கள். நம் குளிரில் சின்னக் குவியல் சூடேறாது. உள்ளே 55 டிகிரி தொடவேண்டும். 15 நாளில் ஐந்து முறை புரட்டுங்கள்.

இரும்பை எடுக்க மெஷின் தேவையில்லை. துளையிட்ட குழாய் வழியாகத் தண்ணீரை ஜல்லிமேல் சொட்டவிட்டு, ஒரு இரவு தொட்டியில் தெளியவைத்து, மணலில் வடிகட்டுங்கள். தண்ணீரின் பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, குறையக் குறையப் புளிப்பு கூடும்) 7-க்குக் கீழே ஒரு அலகு இறங்கினால் இரும்பு துருவாகும் வேகம் ஏறக்குறைய நூறில் ஒன்றாகிவிடும். நம் மலைத் தண்ணீர் பெரும்பாலும் புளிப்பு. அதனால் ஜல்லியோடு சுண்ணாம்புக்கல் சில்லும் போடுங்கள். கிருமியைக் கொல்லும் பிளீச்சிங் பவுடர் அதற்குப் பிறகுதான். முதலிலேயே போட்டால் இரும்பே குளோரினைத் தின்றுவிடும். மணலில் சேரும் துருச்சேற்றைச் சதுப்பில் கொட்டாதீர்கள், அங்கே மறுபடி கரையும்.