நட்சத்திர ரிசீவர் போன பிறகு, மிச்சம் இருப்பவர்களை எப்படி எடைபோடுவது?

கேள்வி இதுதான்: என்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்து லீகில் ஒரு அணியின் முதல் ரிசீவர், அதாவது எறியும் பந்தைப் பிடிப்பவர்களில் முதன்மையானவர், வேறு அணிக்குப் போய்விட்டார், மிச்சம் இருப்பவர்களில் பெரிய பெயர் யாருமில்லை, இவர்கள் தேறுவார்களா மாட்டார்களா என்று சீசன் தொடங்கும் முன்பே எப்படிச் சொல்வது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "அவர் இடத்துக்கு யார்?" என்று தேடாதீர்கள். போனவர் என்னென்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தார் என்று ஒரு தாளில் எழுதுங்கள், அப்புறம் ஒவ்வொரு வேலைக்கும் இப்போது ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். எல்லா வேலையையும் ஒரே ஆள் செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

நான் கேன்சஸ் சிட்டி பக்கம் குடிவந்து பல வருடம் ஆகிறது, சீஃப்ஸ் அணிதான் எங்கள் வீட்டு அணி. 2022 மார்ச் 23 அன்று டைரீக் ஹில்லை மயாமிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்ற செய்தியை அலுவலகத்தில் பார்த்தேன், அன்று முழுக்க வேலையே ஓடவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் பஃபலோவுக்கு எதிரான பிளேஆஃப் (தோற்றால் வெளியேற வேண்டிய சுற்று) ஆட்டத்தில் கடைசி இரண்டு நிமிடத்துக்குள் 64 யார்டு ஓடி, பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய் டச் டவுன் போட்டவர் அவர். அந்த ஆட்டத்தில் மட்டும் 150 யார்டு. அவரைக் கொடுத்துவிட்டு நாங்கள் வாங்கியது ஐந்து டிராஃப்ட் வாய்ப்புகள், அதாவது இன்னும் பெயர் தெரியாத ஐந்து கல்லூரிப் பையன்கள். மயாமி அவருக்கு 4 வருடத்துக்கு 12 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. என் மகனிடம் ஹில்லின் 10ஆம் எண் ஜெர்சி இருந்தது, அதை இனி போடலாமா என்று கேட்டான், என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நான் அப்போது எல்லாரிடமும் சொன்னது, "இனி நமக்கு ரிசீவரே இல்லை" என்பதுதான். அது தவறு. ஏன் தவறு என்று பிறகு உட்கார்ந்து யோசித்ததில் கிடைத்தவைதான் கீழே இருப்பவை.

அந்த வசந்தத்தில் ஒரே ஒரு அணிக்கு இது நடந்திருந்தால் ஒப்பிட வழி இருந்திருக்காது. ஆனால் சில வார இடைவெளியில் மூன்று அணிகள் தங்கள் முதல் ரிசீவரை விற்றன. கிரீன் பே டவான்டே ஆடம்ஸை லாஸ் வேகஸுக்குக் கொடுத்தது, கேன்சஸ் சிட்டி ஹில்லைக் கொடுத்தது, டிராஃப்ட் நடந்த அதே இரவில் டென்னசி ஏ.ஜே. பிரவுனை ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பியது. சீசன் முடிவில் கேன்சஸ் சிட்டி 14-3 (14 வெற்றி, 3 தோல்வி), கிரீன் பே 8-9, டென்னசி 7-10. சீஃப்ஸ் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலையும் வென்றது, மற்ற இரண்டும் பிளேஆஃபுக்கே போகவில்லை.

இதைப் பார்த்து "பந்தை எறியும் குவார்ட்டர்பேக் நல்லவராக இருந்தால் போதும், யார் பிடித்தால் என்ன" என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் கிரீன் பேயில் பந்தை எறிந்தவர் ஆரன் ராஜர்ஸ், 2020, 2021 இரண்டு சீசனிலும் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருது வாங்கியவர். அவராலேயே முடியவில்லை என்றால் விஷயம் வேறு எங்கோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

வேலைகளுக்கு வருகிறேன், இதுதான் முக்கியம். ஹில் 2021இல் 111 கேட்ச், 1,239 யார்டு. இந்த எண்களில் தெரியாத பெரிய வேலை ஒன்று அவருக்கு இருந்தது, எதிரணியைப் பயமுறுத்துவது. டிஃபன்ஸில் கடைசி வரிசையில் நிற்கும் இரண்டு பேர் சேஃப்டி. ஹில் களத்தில் இருந்தால் இரண்டு பேருமே பின்வாங்கி ஆழத்தில் நிற்பார்கள், ஒருவர் முன்னால் வந்தால் ஹில் அவரைத் தாண்டி ஓடிவிடுவார். அவர்கள் பின்னால் போனதால் நடுவில் இடம் கிடைத்தது, அந்த இடத்தில் டைட் எண்ட் (எதிரணியைத் தடுப்பது, பந்தைப் பிடிப்பது இரண்டையும் செய்பவர்) டிராவிஸ் கெல்சி பிடித்துக்கொண்டே இருந்தார். ஹில் பந்தைத் தொடாத ஆட்டங்களிலும் இந்த வேலை நடந்தது.

ஆனால் அந்தப் பயத்துக்கு மற்ற அணிகள் 2021லேயே மருந்து கண்டுபிடித்துவிட்டன. எந்நேரமும் இரண்டு சேஃப்டியையும் ஆழத்திலேயே நிறுத்தி, "சின்னச் சின்னதாக எறிந்து பொறுமையாக வா பார்க்கலாம்" என்று விட்டுவிட்டார்கள். எங்கள் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் பொறுமை இழந்து பந்தைத் தொலைத்தார், சீஃப்ஸ் அந்த சீசனை 3-4 என்று தொடங்கியது. ஆக, ஹில் இருக்கும்போதே அவர் செய்த மிகப்பெரிய வேலையின் பலன் குறைந்துகொண்டிருந்தது. மார்ச்சில் கோபத்தில் இருந்த நான் இதைக் கணக்கில் எடுக்கவில்லை, பயிற்சியாளர் ஆண்டி ரீட் எடுத்திருந்தார்.

அடுத்து என்ன செய்தார்கள் என்று பாருங்கள். நெருக்கடியான இடத்தில் பிடிக்க உடல் வலிமையுள்ள ஜூஜூ ஸ்மித்-ஷூஸ்டர், ஆழமாக ஓட உயரமும் வேகமும் உள்ள மார்கெஸ் வால்டெஸ்-ஸ்கான்ட்லிங், ஏற்கெனவே இருந்த மிகோல் ஹார்ட்மன், டிராஃப்டில் ஸ்கை மூர், சீசன் நடுவில் நியூயார்க் ஜயன்ட்ஸிடமிருந்து கடேரியஸ் டோனி. இவர்களில் ஒருவர்கூட ஹில் இல்லை. 2022இல் சீஃப்ஸின் ரிசீவர் யாரும் 1,000 யார்டைத் தொடவில்லை, ஜூஜூ 933இல் நின்றார். ஆனால் டைட் எண்ட் கெல்சி 1,338 யார்டு எடுத்தார், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்காக வந்த ஜெரிக் மெக்கின்னன் 9 டச் டவுன் பிடித்தார், மஹோம்ஸ் 5,250 யார்டு எறிந்து எம்விபி ஆனார். புள்ளி எடுப்பதில் அந்த அணிதான் லீகிலேயே முதலிடம். ரிசீவர்களை எடைபோடும்போது டைட் எண்டையும் ரன்னிங் பேக்கையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். பந்து அவர்களுக்கும்தான் போகிறது.

சூப்பர் பவுலின் நான்காவது குவார்ட்டரில் டோனி ஒரு டச் டவுன், மூர் ஒரு டச் டவுன். ஒரே தந்திரத்தை ஒரு தடவை ஒரு பக்கமும் அடுத்த தடவை மறுபக்கமும் செய்தார்கள், இரண்டு முறையும் பக்கத்தில் ஒரு எதிரணி ஆள்கூட இல்லை. மூர் அந்த சீசன் முழுக்க ஒரு டச் டவுன்கூடப் பிடிக்காதவர். இதில் பெருமை பிடித்தவருக்கு எவ்வளவோ, அவ்வளவு அந்தத் தந்திரத்தை வரைந்தவருக்கும் உண்டு. ஆளைக் காலியிடத்துக்குக் கொண்டுபோய் விடத் தெரிந்த பயிற்சியாளர் இருந்தால் சாதாரண ரிசீவர்களின் மதிப்பு கூடும், இதையும் உங்கள் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

கிரீன் பே கதை எனக்கு இன்னும் அதிகம் கற்றுக்கொடுத்தது. 2021இல் ஆடம்ஸ் 123 கேட்ச். அணியில் அவருக்கு அடுத்தபடியாக அதிகம் பிடித்தவர் யார் தெரியுமா? ரன்னிங் பேக் ஆரன் ஜோன்ஸ், 52. ரிசீவர்களில் அடுத்தவரான ஆலன் லசார்ட் 40 கேட்ச்தான். அந்த சீசன் பிளேஆஃபில் சான் ஃபிரான்சிஸ்கோவிடம் 13-10 என்று தோற்றபோது, ராஜர்ஸின் 20 எறிதல்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன, அதில் 18 ஆடம்ஸுக்கும் ஜோன்ஸுக்கும். ஆடம்ஸ் இருந்தபோதே அது ஒரே தூணில் நின்ற வீடு. தூண் போனதும் கூரை இறங்கியது. நட்சத்திரம் போவதற்கு முந்தைய வருடம் இரண்டாவது, மூன்றாவது ஆள் எவ்வளவு பிடித்தார் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இன்னொன்று, ஆடம்ஸ் செய்த வேலை வேகம் சார்ந்தது இல்லை. எட்டு வருடம் சேர்ந்து ஆடிய பழக்கத்தில், ராஜர்ஸ் ஒரு பார்வை பார்த்தால் இவர் ஓடும் பாதையை மாற்றிவிடுவார். அந்த மாதிரிப் புரிதலைக் கடையில் வாங்க முடியாது, சேர்ந்து பழகித்தான் வரும். 2022 ஏப்ரலில் மஹோம்ஸ் தன் புது ரிசீவர்களை டெக்சஸுக்கு வரவழைத்து அவர்களோடு பயிற்சி செய்தார். ராஜர்ஸ் அந்த வசந்தத்தில் அணியின் விருப்பப் பயிற்சிகளுக்கு வரவில்லை. விதிப்படி அவர் வர வேண்டியதில்லை, அதோடு சீசன் நடுவில் அவருடைய கட்டைவிரலும் உடைந்திருந்தது, எல்லாப் பழியையும் அவர்மேல் போட்டால் அது நியாயம் இல்லை. ஆனால் இரண்டு புதுப்பையன்களை நம்பி ஒரு சீசனைத் தொடங்கும்போது, எறிபவரும் பிடிப்பவர்களும் எத்தனை நாள் ஒன்றாக நின்றார்கள் என்பது எனக்கு இப்போது முதல் கேள்வியாகிவிட்டது.

அந்தப் பையன்களில் ஒருவர் கிறிஸ்டியன் வாட்சன். மினசோட்டாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில், அணியின் முதல் ஆட்டத்துண்டிலேயே, எல்லாரையும் தாண்டி ஓடினார், ராஜர்ஸ் அருமையாக எறிந்தார், பந்து கைக்குள் விழுந்து நழுவியது. பிடித்திருந்தால் 75 யார்டு டச் டவுன். அன்றே பலர் அவர் தேறமாட்டார் என்று முடிவுகட்டிவிட்டார்கள். நவம்பரில் அதே வாட்சன் டாலஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று டச் டவுன் பிடித்தார். புது ரிசீவரை முதல் மாதத்தில் எடைபோடாதீர்கள். கைதவறிப் போனதைவிட, அவர் எதிராளியைத் தாண்டி ஓடினார் என்பதுதான் அந்த முதல் ஆட்டத்தில் கவனிக்க வேண்டிய செய்தியாக இருந்தது.

2023இல் ராஜர்ஸும் போய்விட்டார். ஜோர்டன் லவ் எறிந்தார், ரிசீவர்கள் எல்லாருமே முதல் வருட, இரண்டாம் வருடப் பையன்கள். அதிகம் எடுத்த ஜேடன் ரீட் 793 யார்டுதான். ஆனால் வாட்சன் ஆழத்துக்கு, ரோமியோ டப்ஸ் நெருக்கடிக்கு, ரீட் உள்பக்க ஸ்லாட்டுக்கு என்று ஒவ்வொரு வேலைக்கும் ஆள் இருந்தது. டாலஸில் போய் 48-32 என்று பிளேஆஃப் ஆட்டத்தை வென்றார்கள்.

டென்னசியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ரன்னிங் பேக் டெரிக் ஹென்றியை வைத்து ஓடியே ஜெயித்த அணி, எறியும் பந்தில் பிரவுன் ஒருவர்தான் அச்சுறுத்தல். அவரைக் கொடுத்து வாங்கிய டிராஃப்ட் வாய்ப்பில் டிரேலான் பர்க்ஸை எடுத்து, நேராக அவரையே மாற்றாகப் போட்டார்கள். காயமும் சேர்ந்துகொண்டு பர்க்ஸ் 444 யார்டோடு நின்றார். டிசம்பரில் பிரவுன் பழைய அணிக்கு எதிராகவே இரண்டு டச் டவுன் போட்டு ஃபிலடெல்ஃபியா 35-10 என்று ஜெயித்தது, அடுத்த இரண்டாம் நாள் டென்னசி தன் பொது மேலாளரை வேலையிலிருந்து நீக்கியது. 7-3 என்று இருந்த அணி கடைசி ஏழு ஆட்டங்களையும் தோற்றது.

இவ்வளவும் படித்துவிட்டு "சரி, சீஃப்ஸ் பாணியே சரி" என்று முடிவு செய்துவிடாதீர்கள், ஏனென்றால் 2023இல் எங்கள் ரிசீவர்களைப் பார்க்கவே வேதனையாக இருந்தது. ஜூஜூ போனார், அந்த நெருக்கடி வேலைக்கு அனுபவமுள்ள பதில் ஆளைக் கொண்டுவராமல் இருப்பவர்களே வளர்வார்கள் என்று நம்பினார்கள். டெட்ராய்ட்டுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் டோனியின் கையில் பட்டுத் தெறித்த பந்தை எதிரணி பிடித்து டச் டவுனாக்கியது, ஒரு புள்ளியில் தோற்றோம். ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக கடைசி நிமிடங்களில் வால்டெஸ்-ஸ்கான்ட்லிங் கையில் விழுந்த பந்து நழுவியது. பஃபலோ ஆட்டத்தில் டோனி கோட்டைத் தாண்டி நின்றதால் ஜெயிக்க வைத்திருக்க வேண்டிய டச் டவுனே ரத்தானது. கெல்சிக்கும் வயது தெரிய ஆரம்பித்து 984 யார்டில் நின்றார். புதுப்பையன் ரஷீ ரைஸ் 938 யார்டு எடுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அந்த வருடமும் சூப்பர் பவுலை வென்றோம்தான். ஆனால் அது ரிசீவர்களின் வெற்றி இல்லை, புள்ளி விட்டுக்கொடுப்பதில் லீகிலேயே இரண்டாவது சிக்கனமான டிஃபன்ஸின் வெற்றி. அந்த டிஃபன்ஸில் முக்கியமான கார்னர்பேக் (எதிரணி ரிசீவர்களை மறிப்பவர்) டிரென்ட் மெக்டஃபி, ஹில்லைக் கொடுத்து வாங்கிய வாய்ப்பையும் சேர்த்துப் பேரம் பேசி எடுக்கப்பட்டவர். ஆகவே அணியின் வெற்றி-தோல்விக் கணக்கை வைத்து ரிசீவர்களுக்கு மதிப்பெண் போடாதீர்கள், இரண்டும் வேறு. அதேபோல யார்டுக் கணக்கும் ஏமாற்றும். மோசமான அணியிலும் பந்தை யாராவது பிடித்துத்தான் ஆக வேண்டும், அதனால் ஒருவருக்கு எண் ஏறும். மூன்றாவது டவுனில் (10 யார்டு நகரக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் மூன்றாவது), ஒவ்வொரு ரிசீவரையும் ஒரு எதிரணி ஆள் ஒட்டி நிற்கும்போது, குவார்ட்டர்பேக் யாரைத் தேடுகிறார் என்று நான்கைந்து ஆட்டம் கவனித்தால் எண்களைவிட அதிகம் தெரியும். ஒருவரையுமே நம்பித் தேடவில்லை என்றால் கவலைப்பட வேண்டியதுதான்.

நீங்கள் எந்த அணியை மனதில் வைத்துக் கேட்டீர்கள் என்று எழுதவில்லை. போனவர் யார், இப்போது எறிபவர் யார், போன வருடம் இரண்டாவதாக அதிகம் பிடித்தவர் யார், இந்த மூன்றையும் கருத்தில் எழுதுங்கள், அந்த அணிக்கு என் தாளைப் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன். என் மகனின் 10ஆம் எண் ஜெர்சி இன்னும் இருக்கிறது. 2022இல் ஏழாவது சுற்றில் எடுத்த ரன்னிங் பேக் ஐசாயா பச்சேகோவுக்கு அந்த எண்ணைக் கொடுத்தார்கள், பையன் முதுகிலிருந்த பெயரின்மேல் ஒரு துணி ஒட்டி அதையே போட்டுக்கொண்டு திரிந்தான்.