வாசகர் கேள்வி பதில்: அப்பாவின் உளிப்பெட்டி

கேள்வி: எங்கள் அப்பா நாற்பது வருடத்துக்கு மேல் தச்சு வேலை செய்தவர். 31ஆம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு, அதாவது நினைவு மலர், அடிக்க வேண்டும். அச்சகத்தில் தந்த மாதிரிகளில் ஆளை மாற்றினாலும் வாழ்க்கை வரலாறு மாறுவதில்லை. ‘பண்பாளர், பாசமிகு தந்தை’ என்பதற்கு மேல் என்ன எழுதலாம்?
– மகள், புதுக்குடியிருப்பு

பதில்: அந்த மாதிரியை மடித்து வையுங்கள், தங்கச்சி. பண்பாளர் என்ற சொல் செத்தவீடு நடந்த எல்லா வீட்டுக்கும் பொருந்தும். அப்பா செய்த கதவு அப்பாவுக்கு மட்டும்தான் பொருந்தும்.

எழுத உட்காருமுன் ஒரு கொப்பியோடு, அவர் வேலை செய்த நாலைந்து வீடுகளுக்குப் போய்வாருங்கள். கதவு நிலைக்கு என்ன மரம் போட்டார், முதிரையா பாலையா, பலகைக்கு வேம்பா என்று கேட்டு எழுதுங்கள். நிலையின் மேல்மூலையைப் பாருங்கள். கழுந்தை (மரத்தின் நுனியில் செதுக்கிய நாக்கை) துளைக்குள் இறக்கி மரமுளை அடித்திருக்கிறாரா, ஆணியோடு விட்டிருக்கிறாரா? பலகைக் கதவென்றால் மாரியில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் பார்த்தால்தான் வேலை தெரியும். மாரியில் பலகை ஊதும், கோடையில் ஒடுங்கும். தெரிந்த தச்சர் சட்டத்தின் காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) பலகையைப் பசை போடாமல், பக்கத்துக்கு ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒன்று) இடம் விட்டு, நழுவ வைப்பார். பசை போட்டு இறுக்கிய பலகை இரண்டொரு கோடையில் நடுவால் வெடித்துவிடும். அப்பாவின் கதவுகள் வெடிக்கவில்லை என்றால் காரணம் இதுதான். அதை இப்படி எழுதலாம்: “பலகையை ஒருநாளும் பசையால் பூட்டமாட்டார். மரத்துக்கு மூச்சு விட இடம் வேண்டும் என்று ஒரு நூல் விட்டுத்தான் பொருத்துவார்.” ‘தொழிலில் வல்லவர்’ என்று பத்துத் தரம் எழுதினாலும் இந்த இரண்டு வரிக்கு ஈடாகாது.

அவரிடம் தொழில் பழகியவர்களை விடாதீர்கள். எந்தப் பிழைக்குப் பேச்சு விழுந்தது என்று கேளுங்கள். கூலியைப் பற்றியும் கேளுங்கள். யாரிடம் வாங்காமல் விட்டார் என்பது அப்போதுதான் வெளியே வரும்.

குடும்பப் பாசத்தையும் இதே கண்ணோடு எழுதுங்கள். உங்களுக்குச் செய்த எழுத்து மேசையின் உயரம் என்ன, நீங்கள் வளர அதன் காலுக்குக் கட்டை வைத்தாரா? அக்காவின் கலியாண அலுமாரிக்குப் பலகை எத்தனை மாதம் காய்ந்தது? ஊருக்கெல்லாம் முதிரைக் கதவு செய்தவரின் குசினிக்குத் தகரப் படலை என்றால் அதையும் எழுதுங்கள். தச்சர் வீடுகள் பெரும்பாலும் அப்படித்தான்.

இனி அச்சு வேலை. நடுவில் கம்பி அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கம் நாலின் மடங்கில் வரவேண்டும்: 16, 20, 24. உங்களிடம் 18 பக்கத்துக்கு விஷயம் இருந்தால் இரண்டு பக்கம் வெறுமையாகும். அதில் அவர் செய்த கதவொன்றின் படத்தைப் போடுங்கள். பஞ்சபுராணமும் சிவபுராணமும் அச்சகத்தில் தட்டச்சாகவே இருக்கும், ஆனாலும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஒருவருக்கு விட்ட எழுத்துப்பிழை அப்படியே அடுத்தவருக்கும் போகும். திதி வெண்பா போடுவதானால் வருடப் பெயர், மாதம், பட்சம், திதி நான்கும் அதில் இருக்கவேண்டும். திதியை அந்த நாளின் கலண்டரைப் பார்த்து மட்டும் எழுதாதீர்கள். உயிர் பிரிந்த நேரத்தைக் குருக்களிடம் சொல்லிக் கணிக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் ஒரே நாளில் திதி மாறும். வெண்பா எழுதத் தெரிந்தவர் கிடைக்காவிட்டால் உரைநடையிலேயே போடுங்கள். தளை தட்டும் வெண்பாவைத் தமிழ் வாத்தியார் ஒருவர் கட்டாயம் கண்டுபிடிப்பார்.

31ஆம் நாளுக்குக் கையில் புத்தகம் வேண்டுமென்றால் 18ஆம், 20ஆம் நாளுக்குள் எழுத்து அச்சகத்துக்குப் போய்விட வேண்டும். வம்சாவளியை மட்டும் தனியாக ஒரு தாளில் எடுத்து, தாய்வழியில் ஒருவர், தகப்பன்வழியில் ஒருவர் என்று இரண்டு பேரிடம் காட்டிச் சரிபாருங்கள். பெயர் விடுபட்ட மருமகன் அதை மறக்கவே மாட்டார். அடித்து முடிந்ததும் அச்சகத்திடம் பிடிஎஃப் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். நூலகம் நிறுவனம் ஈழத்து நினைவு மலர்களையும் எண்ணிமப்படுத்தி இணையத்தில் வைக்கிறது. ஒரு பிரதி அங்கே போகட்டும்.

கேள்வி: அப்பாவின் பிறந்த திகதி எங்களுக்குத் தெரியாது. சான்றிதழ் எல்லாம் 2009இல் போய்விட்டது. பழைய அடையாள அட்டையின் கொப்பி ஒன்று இருக்கிறது, ஆனால் திகதி இருக்கும் இடம் அழிந்துவிட்டது.
– மாங்குளம் வாசகர்

பதில்: இலக்கம் தெரிந்தால் போதும். ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும் உள்ள பழைய அட்டையில் முதல் இரண்டும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த மூன்றோடு 500 கூட்டியிருக்கும். 53 என்று தொடங்கி அடுத்து 214 வந்தால் 1953ஆம் ஆண்டின் 214ஆம் நாள். எண்ணும்போது பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் வையுங்கள், அது நெட்டாண்டாக இல்லாவிட்டாலும். ஜூலை முடிவு 213, ஆகவே 214 என்பது ஓகஸ்ட் 1. 28 நாள் வைத்து எண்ணுபவர்களுக்கு ஒருநாள் தள்ளிப்போகும். இந்தப் பிழை பல கல்வெட்டுகளில் உண்டு.

இன்னொன்று: அட்டையில் இருப்பது பிறப்புப் பதிவில் எழுதிய பிறந்த திகதி. அந்தக் காலத்தில் பிந்திப் பதிந்தவர்கள் நிறைய. சாதகக் குறிப்பு எங்காவது கிடைத்தால் அதையே நம்புங்கள்.

கேள்வி: அப்பாவின் உளி, சீவுளி, வாள், மூலைமட்டம் எல்லாம் ஒரு பெட்டியில் கிடந்து துருப்பிடித்துவிட்டன. தம்பி எல்லாவற்றையும் கிரைண்டரில் பிடித்து வார்னிஷ் அடிக்கப் போகிறான். நல்லதா?
– மல்லாவி வாசகர்

பதில்: தம்பியை நிறுத்துங்கள். கிரைண்டரில் உளியின் நுனி நீலநிறமாகிற நேரமே அதன் பதம் போய்விட்டது. அந்த நீலப் பகுதி முழுதும் தேய்ந்து போகும்வரை எத்தனை தரம் தீட்டினாலும் கூர் நிற்காது. கைபிடியில் வார்னிஷ் அடித்தால் அப்பாவின் உள்ளங்கை நாற்பது வருடம் தேய்த்து உண்டாக்கிய மினுக்கம் மூடுண்டுவிடும். அதைத் திருப்பி எடுக்க வழியில்லை.

மேல்துருவுக்கு மண்ணெண்ணெய் போதும். இரும்புப் பகுதி மட்டும் மூழ்க ஓர் இரவு விட்டு, மறுநாள் மிக மென்மையான இரும்பு நாரால் நீளவாக்கில் தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். தடித்த துரு என்றால் வெள்ளை வினாகிரியில் ஒரு நாள் வைக்கலாம். எடுத்தவுடன் அப்பச்சோடா கலந்த தண்ணீரில் கழுவி, துடைத்து, வெயிலில் காயவிட வேண்டும். கழுவாமல் விட்டால் மிஞ்சிய அமிலத்தால் அடுத்த நாளே செம்மஞ்சள் துரு பூக்கும். இலக்கமும் கோடும் பொறித்த மூலைமட்டத்தை வினாகிரியில் போடவே வேண்டாம், கோடுகள் மங்கிவிடும்.

காய்ந்த பிறகு தையல் மெசின் எண்ணெயை ஒரு துணியில் இரண்டு மூன்று சொட்டு விட்டுப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் பூசும் பழக்கம் நம்மிடம் உண்டு. பெட்டிக்குள் கிடந்தால் அது பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும்.

மரச்சீவுளியில் ஒரு விஷயம் கவனியுங்கள். அலகை இறுக்கும் ஆப்பைத் தளர்த்தித்தான் வைக்க வேண்டும். சீவுளியின் பின்முனையில் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) இரண்டு தட்டுத் தட்டினால் ஆப்பு கழன்று வரும். இறுக்கியபடி விட்டால் கோடையில் மரம் ஒடுங்க, ஆப்பு விட்டுக்கொடுக்காது, சீவுளியின் கன்னம் வெடிக்கும். வாளின் பல்லுக்குப் பழைய சைக்கிள் ரியூபை நீளவாக்கில் வெட்டி மாட்டிவிடுங்கள். பெட்டியை நிலத்தில் வைக்க வேண்டாம். வன்னி மண்ணில் துருவைவிடக் கறையான் வேகம். நாலு கல்லின் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், மாதம் ஒருமுறை அடியைக் குனிந்து பாருங்கள்.

தொழில் பழகும் பிள்ளை வீட்டில் இருந்தால் ஒரு உளியையாவது அவன் பாவிக்கட்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் எல்லாவற்றையும் பூட்டுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

கேள்வி: ஐயா செய்த வண்டில் சில்லு இரண்டும் வீட்டில் இருக்கின்றன. கோடையில் இரும்புப் பட்டம் ஆடுகிறது. தண்ணீரில் ஊறப்போட்டால் இறுகும் என்கிறார்கள்.
– நெடுங்கேணி வாசகர்

பதில்: இறுகும், ஆனால் அடுத்த கோடைமட்டும்தான். வட்டையும் (சில்லின் மரச் சுற்று) ஆரக்காலும் காய்ந்து ஒடுங்குவதால் பட்டம் தளர்கிறது. ஊறி ஊதும் மரம் பட்டத்துக்குள் நெரிபட்டு நார் நசியும். மறுபடி காய முன்னையைவிடக் கூடுதலாக ஒடுங்கும். அதையே ஐந்தாறு தரம் செய்தால் ஆரக்கால் குடத்துக்குள் (சில்லின் நடுக் கட்டைக்குள்) இருக்கும் இடம் உளுத்துப்போகும்.

ஓடப்போகும் வண்டிலென்றால் பட்டத்தை வெட்டிக் குறுக்கி, ஒட்டி, சூடாக்கித் திரும்ப ஏற்ற வேண்டும். 5 அடிச் சில்லின் சுற்றளவு ஏறக்குறைய 15 அடி 8 அங்குலம். அவ்வளவு நீள இரும்பு 400 பாகை செல்சியஸ் சூடேறினால் முக்கால் அங்குலத்துக்கு மேல் விரியும். கொல்லர் பட்டத்தைச் சில்லைவிடக் குறைத்து வெட்டுவது இந்தக் கணக்கில்தான். அளவுக்கு மேல் குறைத்தால் குளிரும்போது ஆரக்கால் வளையும், குறைவாகக் குறைத்தால் மறுகோடையில் திரும்ப ஆடும். வெட்டுமுன் சில்லு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஆகவே ஆவணி அளவில் செய்விப்பது நல்லது. சூட்டுப் பட்டம் ஏறியதும் சுற்றிவர ஒரே நேரத்தில் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்தால் சில்லு கோணும்.

நினைவுக்கு வைப்பதென்றால் இத்தனையும் தேவையில்லை. பட்டத்துக்கும் வட்டைக்கும் இடையில் மூங்கில் சிராய் நாலைந்து செருகி, விறாந்தையில் கல்லின் மேல் நிறுத்துங்கள். முற்றத்து மண்ணில் சாத்தினால் கறையான் ஏற வழி வைத்ததாகும்.

கேள்வி: அப்பாவின் ஒரே படம் பிரேம் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. இழுத்து எடுக்கலாமா?
– கிளிநொச்சி வாசகர்

பதில்: இழுக்காதீர்கள், முகம் கண்ணாடியில் தங்கிவிடும். கண்ணாடியின் வெளிப்புறத்தைத் துடைத்து, கண்ணாடியோடு சேர்த்தே 600 டிபிஐயில் ஸ்கான் பண்ணுங்கள். ஸ்கானர் இல்லாவிட்டால் காலை வெளிச்சத்தில், நிழலில், பிளாஷ் இல்லாமல், கறுப்புத் துணியொன்றை எதிரே பிடித்துக்கொண்டு போனில் எடுக்கலாம். கறுப்புத் துணி கண்ணாடியின் பளபளப்பை மறைக்கும். அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அல்ல, டொக்கியுமெண்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருங்கிப்போய் அட்டையில் முகம் புள்ளி புள்ளியாக விழும்.