ஒடுக்கிய எழுத்தும் நசுக்கிய எழுத்தும்

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் சுடலைமாடன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு ஃப்ளெக்ஸ் அடித்தோம். ‘பாளையங்கோட்டை’ ஒரே வரியில் பெரிதாக வர வேண்டும் என்றேன். கடைப் பையன் எழுத்தின் ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளினான். இடம் போதுமானது, ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை. இங்கிலீஷில் மட்டும் ஒல்லியான தடித்த எழுத்து எடுப்பாக இருக்கிறதே, எப்படி? (பாளை வாசகர்)

பதில்: பையன் ஒடுக்கவில்லை, நசுக்கிவிட்டான். அகலத்தை 60 சதவீதமாகத் தள்ளினால் நிற்கிற கோடெல்லாம் 60 சதவீதமாக மெலியும், படுத்திருக்கிற கோடு மட்டும் பழைய தடிமனிலேயே கிடக்கும். ‘ட’வைப் பாருங்கள், கால் ஈர்க்குச்சியாகவும் அடி விறகுக்கட்டையாகவும் இருக்கும். ஒடுக்கமான எழுத்துரு என்றால், ஒவ்வொரு எழுத்தையும் குறுகிய அகலத்துக்கென்றே புதிதாக வரைந்து, கோட்டின் கனத்தையும் உள்ளே விடும் வெள்ளையையும் கண்ணால் சரிபார்த்துச் செய்தது.

இங்கிலீஷ்காரர்கள் இதில் ரொம்பப் பழையவர்கள். பெரிய எழுத்தை ஈயத்தில் வார்த்தால் கனமும் செலவும் தாங்காது; 1827-ல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மரத்தை இயந்திரத்தால் குடைந்து எழுத்துச் செய்ய வழி கண்டுபிடித்த பிறகு, தாளின் அகலத்துக்குள் நீளமான சொல்லை உயரமாக அடிக்கச் சுவரொட்டிக்காரர்களுக்கு ஒல்லி எழுத்துகள் விதவிதமாகக் கிடைத்தன. நம் கணினிகளில் இருக்கிற இம்பாக்ட் என்ற ஒல்லியான தடித்த எழுத்துரு 1965-ல் ஜெஃப்ரி லீ வரைந்தது. அதில் தமிழ் கிடையாது.

தமிழில் வரைவது இன்னும் பாடு. உங்கள் ஊர் பேரையே எண்ணுங்கள்: 7 எழுத்து, ஆனால் கால், கொம்பு, ஐகாரச் சங்கிலி எல்லாம் சேர்த்து அச்சில் 12 உரு. ‘திருநெல்வேலி’ பரவாயில்லை, 6 எழுத்து, 8 உருதான். ‘ண’வைத் தடிக்க வைத்தால் சுழிகள் அடைத்துக்கொண்டு தூரத்தில் வெறும் கறுப்புத் திட்டாகத் தெரியும், அதனால் சுழிக்குள் கோட்டைக் கொஞ்சம் மெலிய விட்டாக வேண்டும். மேலே புள்ளிக்கு, கீழே உகரத்துக்கு என்று இடம் விட வேண்டியிருப்பதால், இங்கிலீஷ் கேப்பிட்டல் மாதிரி வரிக்கு மேல் வரியாகச் செங்கல் அடுக்கவும் முடியாது.

கடையில் அனெக் தமிழ் என்ற எழுத்துருவைக் கேட்டுப் பாருங்கள், மும்பையின் ஏக் டைப் நிறுவனம் செய்தது, இலவசம். அதில் அகலத்தை 75 முதல் 125 சதவீதம் வரை, தடிமன் எண்ணை 100 முதல் 800 வரை மாற்றலாம். எழுத்தின் ஓரத்தை அல்ல, இந்த அகல அளவை மட்டும் தாராளமாக இழுக்கலாம், ஒல்லியையும் அகலத்தையும் தனித்தனியாக வரைந்தே வைத்திருக்கிறார்கள். மென்பொருள் பழசென்றால் தனித்தனிக் கோப்பாகவும் கிடைக்கிறது.

கேள்வி: இந்த எழுத்தை எங்கெல்லாம் போடலாம்? (தென்காசி வாசகி)

பதில்: தூரத்திலிருந்து படிக்கிற நாலைந்து சொல்லுக்கு. பஸ் நெற்றி, கபடி பனியன் முதுகு, டவுன் ரத வீதியில் ஒரு ஷட்டர் அகலமே உள்ள கடையின் போர்டு. சரி, எங்கே கூடாது? கொடை நோட்டீஸில் வரிதாரர் பட்டியலில். ஒரு வருஷம் இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று நானே அப்படி அடித்துக் கொடுத்தேன். ஒரு தாத்தா கண்ணாடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏல, நானும் வரி கொடுத்தேம்லா, எம்பேர எங்கல?”