மூட்டு மாற்று அறுவையில் ரோபோ, டாக்டரின் கையைத் தடுத்து நிறுத்தும் என்பது உண்மையா?

உண்மைதான். ஆனால் கேள்விக்குக் கீழே "அப்படியானால் டாக்டர் கை தவறினாலும் பயமில்லையே" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகு பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை. வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ நாள் குறித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை, கம்பெனி ஆளும் இல்லை. ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன். 11 வருட வேலை, அதில் கடைசி 4 வருடம் ரோபோ இருக்கிற தியேட்டரில். "டெக்னீஷியனுக்கு என்ன தெரியும்" என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ரோபோ என்றதும் பலர் டாவின்சி என்ற அறுவை ரோபோவை நினைக்கிறார்கள். அதில் டாக்டர் தள்ளி உட்கார்ந்து கைப்பிடிகளை அசைப்பார். அந்த இயந்திரம் 2000-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2024-இல் டாவின்சி 5 வரும் வரை, திசுவை எவ்வளவு இழுக்கிறோம் என்ற விசை டாக்டரின் விரலுக்குத் தெரியாது. கண்ணால் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். முழங்காலுக்கான ரோபோக்கள் வேறு சாதி. சிலவற்றில் ரோபோ, ரம்பத்துக்கு வழிகாட்டும் சட்டத்தைச் சரியான இடத்தில் பிடித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். மேக்கோ போன்றவற்றில் ரம்பமே ரோபோ கையின் நுனியில் இருக்கும், டாக்டர் அதன் பிடியைப் பிடித்து வெட்டுவார். நீங்கள் கேட்டது இந்த வகை.

பயிற்சியில் பிளாஸ்டிக் எலும்பை வைத்து நானும் பிடித்துப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு கனமான கை, ஒரு விரலால் தள்ளினால் நகர்கிறது. வெட்ட வேண்டிய பகுதிக்குள் ரம்பம் தாராளமாகப் போய்வரும். எல்லை வந்ததும், பீரோ இழுப்பறை கடைசி வரை போய் முட்டுமே, அப்படி நிற்கும். எதிரே கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கைக்கு மட்டும் சுவர் தெரியும். மீறி அழுத்தி எல்லையைத் தாண்டினால் ரம்பம் ஓட்டத்தை நிறுத்திவிடும்.

இந்த யோசனை புதிதல்ல. 1992-இல் அமெரிக்க விமானப்படை ஆய்வகத்தில் லூயிஸ் ரோசன்பெர்க் என்ற ஆய்வாளர் இதைச் செய்து காட்டினார். வெறும் கையால் நேர்கோடு போடுவது கஷ்டம், ஸ்கேல் வைத்தால் சுலபம். அந்த ஸ்கேலை மோட்டார் விசையால் உண்டாக்கலாம் என்பதுதான் விஷயம். அதே 1992-இல் ரோபோடாக் என்ற இயந்திரம் இடுப்பு மாற்று அறுவையில் தொடை எலும்பைத் தானாகவே குடைந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பிரையன் டேவிஸ் குழு வேறு வழியில் போனது. கை டாக்டருடையதாகவே இருக்கட்டும், எல்லையை மட்டும் இயந்திரம் காக்கட்டும் என்று அக்ரோபாட் என்ற ரோபோவைச் செய்தார்கள். 2006-இல் வந்த அதன் முழங்கால் ஆய்வில், ரோபோவோடு செய்த 13 பேருக்கும் கால் நேர்வரிசை திட்டத்திலிருந்து 2 டிகிரிக்குள் இருந்தது. வழக்கமான முறையில் 15 பேரில் 6 பேருக்குத்தான் அப்படி. சின்ன ஆய்வுதான், ஒத்துக்கொள்கிறேன். வெட்டு துல்லியமாவது வேறு, நோயாளி பத்து வருடம் வலியில்லாமல் நடப்பது வேறு என்பதும் தெரியும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஸ்கேல் கோணலாக வைக்கப்பட்டிருந்தால்? கோடு நேராகத்தான் விழும், இடம்தான் தவறும்.

ரோபோவுக்கு எலும்பு தெரியாது. தொடை எலும்பிலும் கணைக்கால் எலும்பிலும் உலோகப் பின் (ஊசி போன்றது) ஏற்றி, அதன் மேல் ட்ராக்கர் என்ற அடையாளக் கருவியை மாட்டுவோம். கேமரா பார்ப்பது அந்த ட்ராக்கரை மட்டும். டாக்டர் ப்ரோப் என்ற தொடுகோலால் ஒவ்வொரு எலும்பிலும் 40 புள்ளிகள் போலத் தொட்டுக் காட்ட, கணினி அதை முன்பே எடுத்த சி.டி. ஸ்கேன் படத்தோடு பொருத்தும். அதற்கப்புறம் கால் அசைந்தால் சுவரும் கூடவே நகரும். ஆனால் ட்ராக்கர் மட்டும் எலும்பை விட்டு இம்மி அசைந்தால், சுவர் தவறான இடத்துக்குப் போய்விடும். அங்கேயும் அதே உறுதியோடு டாக்டர் கையைத் தடுக்கும்.

போன வருடம் ஓர் அம்மா, வயது 67, இரண்டாவது கால். தொடை எலும்பில் முதல் வெட்டு முடிந்தது. உதவி டாக்டர், சதையை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டரை மாற்றும்போது அதன் பிடி கீழே இருந்த ட்ராக்கரில் 'டிக்' என்று பட்டது. சின்னச் சத்தம். நான் ட்ராக்கரை ஒட்டி நின்றதால் கேட்டது. திரையில் எல்லாம் பச்சையாகவே இருந்தது. "சார், கீழ் எலும்பு செக்பாயின்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடலாமா?" என்றேன். செக்பாயின்ட் என்பது ட்ராக்கரோடு சம்பந்தமில்லாமல் எலும்பிலேயே பதித்த சின்ன உலோகப் புள்ளி. சரிபார்ப்பதற்காகவே வைப்பது.

"அதான் மெஷின் தடுக்குமே தம்பி, நேரம் ஆகுது" என்றார் பெரிய டாக்டர். தொடையில் ரத்தத்தை நிறுத்தும் பட்டை கட்டியிருந்தது. அவர் அவசரம் நியாயம்தான். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. "சார், மெஷினுக்கு பின்னைத்தான் தெரியும், எலும்பு தெரியாது" என்று சொல்லிவிட்டேன். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. ப்ரோபை எடுத்துத் தொட்டார். 2 மில்லிமீட்டருக்கு மேல் விலகல்.

பின்னை இறுக்கி, மறுபடி அத்தனை புள்ளிகளையும் தொட்டு, கால் மணி நேரம் கூடுதலாக ஆனது. அந்த அம்மா மறுநாளே வாக்கரோடு நடந்தார். டாக்டர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு வெட்டுக்கு முன்பும் செக்பாயின்ட் தொடாமல் அவர் ரம்பத்தைக் கையில் எடுப்பதில்லை. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நல்ல கை அவருக்கு.

இன்னொன்று. அந்தச் சுவர் எலும்புத் திட்டத்தை வைத்துப் போட்டது. தசைநாரையும், முழங்காலுக்குப் பின்னால் ஓடும் ரத்தக் குழாயையும் அது பார்ப்பதில்லை. ரம்பத்தை எல்லைக்குள் வைப்பதால் அவற்றுக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது, அவ்வளவே. ரிட்ராக்டர் பிடித்து அவற்றை விலக்கி வைப்பது இன்றும் மனிதக் கைதான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விளம்பரப் பலகையில் ரோபோ படம் இருக்கிறது, டாக்டர் படம் இருக்கிறது. தியேட்டர் சாமான்களைக் கழுவி, எண்ணி, கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் ஏற்றும் அக்காக்களை யாருக்கும் தெரியாது. ஒரு மூட்டு கேஸ் முடிந்தால் தட்டு தட்டாக வரும். ரம்பம் மாட்டும் இடுக்குகளில் எலும்புத்தூள் ஒட்டியிருக்கும், பிரஷ்ஷால் சுரண்டி எடுப்பார்கள். கிருமி தொற்றினால் எந்தத் துல்லியமும் உதவாது. அவர்கள் பத்து வருடமாக ஒப்பந்தச் சம்பளத்தில் இருக்கிறார்கள். எனக்கு இது ஆறவே ஆறாது.

உங்கள் வீட்டுப் பெரியவருக்கு ரோபோ வைத்தே செய்யுங்கள், நான் தடுக்கவில்லை. என் அம்மாவுக்கும் அப்படித்தான் செய்தோம். டாக்டரிடம், "நடுவில் ட்ராக்கர் அசைந்ததா என்று எத்தனை முறை பார்ப்பீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். அப்புறம், சி.டி. எடுக்கும்போது காலை அசைக்காமல் படுத்திருக்கச் சொல்லுங்கள். திட்டம் முழுவதும் அந்தப் படத்திலிருந்துதான் தொடங்குகிறது.