கடன் வாங்கி லண்டனுக்கா, காரைக்குடியிலேயே ஆராய்ச்சிக்கா?

தேவகோட்டையில் பாத்திரக்கடை நடத்தும் ஒருவர், தம் மனைவியையும் இளங்கலை நுண்ணுயிரியல் இறுதியாண்டு படிக்கும் மகளையும் அழைத்துக்கொண்டு சென்ற வாரம் ஆலோசனைக்கு வந்திருந்தார். பிரிட்டனில் ஓராண்டு முதுகலைப் படிப்புக்குக் கல்விக்கட்டணம், தங்குமிடம், விமானச் செலவு எல்லாம் சேர்த்து 35 லட்சம் ரூபாய் ஆகும் என்று ஏஜெண்ட் எழுதிக்கொடுத்த கணக்குத்தாள் அவர் கையில் இருந்தது. வீட்டுப் பத்திரத்தை ஈடு வைத்தால் வங்கியில் கடன் கிடைக்கும் என்றார். சிங்கப்பூரில் இருக்கும் தாய்மாமன் "ஊரிலேயே படித்தால் யார் மதிப்பார்கள்?" என்று வாரந்தோறும் போன் செய்கிறாராம். சித்தப்பாவோ பி.எட். முடித்து ஒரு பள்ளியில் சேர்ந்துவிட்டால் கல்யாணம் பேச வசதி என்கிறாராம். மகள் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பதை மட்டும் மெல்லிய குரலில் சொல்லிவிட்டு அமைதியாக இருந்தாள்.

பெற்றோரின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் "எல்லாம் நல்லபடியாக நடக்கும்" என்று தேற்றி அனுப்புவதற்கு நான் தேவையில்லை. அந்தக் கணக்குத்தாளை நம்பி வீட்டை ஈடு வைக்காதீர்கள் என்று அவர்களிடம் அன்றே சொன்னேன். இதே நிலையில் உள்ள மற்றப் பெற்றோருக்காக அதன் காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

35 லட்சம் ரூபாய்க்கு ஆண்டுக்கு 11 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் வட்டி மட்டுமே மாதம் 32,000 ரூபாயைத் தாண்டுகிறது. மறுபுறம், மத்திய அரசின் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். பெறும் மாணவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், அதன்பின் முதுநிலை உதவித்தொகையாக 42,000 ரூபாயும் 2023 முதல் வழங்கப்படுகின்றன. வீட்டு வாடகைப்படி தனி. ஐந்தாண்டுகளில் இது 24 லட்சம் ரூபாய். ஒரு வழியில் உங்கள் பெண் கடனோடு திரும்புகிறாள், இன்னொரு வழியில் சம்பளம் வாங்கிக்கொண்டு முனைவர் பட்டம் பெறுகிறாள். கடல் கடந்து போவது செட்டிநாட்டுக்குப் புதிதல்ல என்று மாமா சொல்வது உண்மைதான், ஆனால் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனவர்கள் பணத்தை வட்டிக்குக் கொடுத்துச் சம்பாதிக்கப் போனார்களே தவிர, வீட்டை ஈடு வைத்துப் படிக்கப் போகவில்லை. அந்த ஓராண்டுப் படிப்பில் ஆய்வகத்தில் கைபழகக் கிடைப்பதோ சில மாதங்கள் மட்டுமே. வெளிநாட்டு ஆய்வகத்தைப் பார்க்க வேண்டும் என்றால், முனைவர் பட்டத்துக்குப் பிறகு அந்த ஆய்வகமே சம்பளம் கொடுத்து அழைக்கும்போது போகலாம்.

இதையெல்லாம்விட முக்கியமானது பிள்ளையின் நாட்டம். கல்லூரி ஆய்வகத்தில் உனக்குப் பிடித்த வேலை எது என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்த்தொட்டியில் படிந்த பழுப்பு நிறச் சளியைக் கண்ணாடித் தகட்டில் எடுத்துப்போய் நுண்ணோக்கியில் வைத்ததாகவும், முறுக்கிய நூல்போல இழைகள் தெரிந்ததாகவும், அவை கேலியனெல்லா என்னும் இரும்புப் பாக்டீரியாவின் காம்புகள் என்று தானே தேடித் தெரிந்துகொண்டதாகவும் சொன்னாள். அதுவரை தலைகுனிந்திருந்தவள் அப்போதுதான் நிமிர்ந்து பேசினாள். யாரும் சொல்லாமல் தொட்டிச் சளியைத் தேடிப்போன பிள்ளையை பி.எட். வகுப்பில் உட்கார வைப்பது நியாயமல்ல.

ஆசிரியர் பணி, மருத்துவ ஆய்வுக்கூடம், மருந்து நிறுவனத் தரக்கட்டுப்பாடு ஆகியவற்றை எல்லோரும் சொல்லியிருப்பார்கள், அவற்றை நான் விட்டுவிடுகிறேன். ஒருவரும் சொல்லாத துறை, நுண்ணுயிரிகளால் உலோகம் அரிக்கப்படுவதைப் பற்றிய ஆராய்ச்சி. எண்ணெய்க் குழாய், கப்பலின் அடிப்பகுதி, அனல்மின் நிலையக் குளிர்விப்புக் குழாய் என்று தண்ணீர் தொடும் இரும்பில் எல்லாம் பாக்டீரியாக்கள் பிசின்போன்ற உயிர்ப்படலம் கட்டுகின்றன. அதன் அடியில் காற்றுப் புகாத இடத்தில் டீசல்ஃபோவிப்ரியோ போன்றவை ஆக்சிஜனுக்குப் பதிலாக சல்ஃபேட்டைச் சுவாசித்து ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடுகின்றன. இவற்றை வளர்ப்பதற்கே தனிப் பொறுமை வேண்டும். வளர்ப்பு ஊடகத்தில் நைட்ரஜனைச் செலுத்தி ஆக்சிஜனை வெளியேற்றி, புட்டியை ரப்பர் அடைப்பானால் மூடி, மாதிரியை ஊசியால் செலுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். சில நாட்களிலோ சில வாரங்களிலோ தெளிந்த திரவம் முழுவதும் மை போலக் கறுக்கும். ஊடகத்தில் உள்ள இரும்பு, இரும்பு சல்ஃபைடாக மாறுவதே அதற்குக் காரணம். மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்.

இந்தப் பாக்டீரியா இரும்பை எப்படித் தின்கிறது என்பது இன்னும் முழுதாகத் தீராத கேள்வி. உலோகப் பரப்பில் உள்ள ஹைட்ரஜனை அது எடுத்துக்கொள்கிறது என்று 1934-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் விளக்கினார்கள். இரும்பிலிருந்து எலக்ட்ரானை நேரடியாகவே எடுப்பதாகத் தோன்றும் வகைகள் 2004-இல் அறிவிக்கப்பட்டன. எந்தப் புரதம் அந்த எலக்ட்ரானைக் கடத்துகிறது என்று கேட்டால் அது உயிர்வேதியியல். குழாயின் உள்ளே சுரண்டிய படலத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை, வளர்க்காமலே, எல்லாப் பாக்டீரியாவிலும் உள்ள, சுமார் 1,500 எழுத்துகள் கொண்ட 16எஸ் மரபணுவின் வரிசையைத் தரவுத்தளங்களோடு ஒப்பிட்டுச் சொல்வது உயிர்த்தகவலியல். நுண்ணுயிரியலோடு சேர்த்து மூன்று பாடமும் ஒரே ஆய்வில் சேர்கின்றன என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இந்த ஆராய்ச்சிக்கு இடம் தேடி நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை நாம் 'சிக்ரி' என்று சொல்லியபடி கடந்துபோகிறோம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால், 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த நிறுவனம் அது. அரிமானம், அதாவது உலோக அரிப்பு, அதன் முதன்மைத் துறைகளில் ஒன்று. நுண்ணுயிர் அரிமானத்திலும் அங்கிருந்து தொடர்ந்து கட்டுரைகள் வந்திருக்கின்றன. கடல்நீரில் உலோகங்களைச் சோதிக்க மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் அதற்கு மையங்கள் உண்டு. சிக்ரி போன்ற, மத்திய அரசின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகமான சி.எஸ்.ஐ.ஆரின் ஆய்வகங்களில் ஆய்வு செய்துகொண்டே, ஏ.சி.எஸ்.ஐ.ஆர். என்னும் அதன் பட்டம் வழங்கும் கல்விக்கழகத்தின் வழியாக முனைவர் பட்டம் பெறலாம். அதே ஊரில் அழகப்பா பல்கலைக்கழகத்தில் உயிர்த்தகவலியலுக்குத் தனித் துறையே இருக்கிறது. உள்ளூர்ப் படிப்புக்கு மதிப்பில்லை என்பவர்களுக்கு ஒரு செய்தி: புரதக் கட்டமைப்பு சரியா என்று உலகம் இன்றும் சரிபார்க்கும் ராமச்சந்திரன் வரைபடம் 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியானது.

அடுத்து என்ன செய்வது என்று அந்தப் பெண்ணின் அம்மா கேட்டார். அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் நுண்ணுயிரியலோ உயிர்வேதியியலோ இரண்டாண்டு முதுகலை போதும். உயிர்த்தகவலியலுக்கு வேண்டிய லினக்ஸ் இயங்குதளம், ஆர், பைத்தான் நிரல்மொழிகள் ஆகியவற்றை இந்த விடுமுறையிலேயே தொடங்கலாம். மென்பொருள் இலவசம், அமெரிக்காவின் உயிர்த்தகவல் மையமான என்.சி.பி.ஐ.யின் தளத்தில் மரபணு வரிசைகளும் இலவசம், வீட்டில் இருக்கும் மடிக்கணினியே பழகுவதற்குப் போதும். முதுகலை இறுதிப் பருவ ஆய்வுத்திட்டத்தைச் சிக்ரி போன்ற ஆய்வகத்தில் செய்ய முடியுமா என்று முதலாண்டு முடியும்போதே விஞ்ஞானிகளுக்கு எழுதிக் கேட்க வேண்டும். யாருடைய கட்டுரையைப் படித்து என்ன புரிந்தது என்று இரண்டு வரி எழுதாத கடிதத்துக்குப் பதிலை எதிர்பார்க்க வேண்டாம்.

ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை பெற எழுத வேண்டிய, உயிர் அறிவியலுக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வை முதுகலை இறுதியாண்டிலேயே எழுதலாம். மொத்தம் 200 மதிப்பெண். அதில் பாதி, 75 கேள்விகளில் 25-ஐத் தேர்ந்தெடுத்து எழுதும் மூன்றாம் பகுதிக்கு. மனப்பாடம் அங்கே உதவாது, பரிசோதனை முடிவைப் படித்துப் பொருள் சொல்லத் தெரிய வேண்டும். தேர்ச்சியில் இப்போது மூன்று பிரிவுகள் உள்ளன. அவற்றில் ஜே.ஆர்.எஃப். பிரிவில் மட்டுமே இந்த உதவித்தொகை உண்டு; முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டும் தகுதி தரும் பிரிவில் அது கிடையாது. இதைக் கவனிக்காமல் "நெட் பாஸ்" என்று மகிழ்ந்து, கைப்பணம் செலவழித்து ஆய்வில் சேர்ந்து, மூன்றாம் ஆண்டில் தவிக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். உதவித்தொகையோ ஆய்வுத்திட்டச் சம்பளமோ உறுதியாகாமல் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யக்கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. முதல் முறை வரவில்லை என்றால் ஆய்வுத்திட்ட உதவியாளராகச் சேர்ந்து, சம்பளத்தோடு அடுத்த தேர்வை எழுதட்டும்.

ஆராய்ச்சி ஐந்தாண்டு ஆகும், சில சமயம் ஆறும் ஆகும். முடித்தவுடன் நிரந்தர வேலை நிச்சயம் என்று நான் வாக்குத் தரமாட்டேன். பல்கலைக்கழகப் பணியிடங்கள் குறைவு. அரிமானத் தடுப்பு, எண்ணெய், நீர்ச் சுத்திகரிப்புத் துறைகளில் இந்தக் கைப்பழக்கத்துக்குத் தேவை இருக்கிறது, ஆனால் அதைத் தேடிப் போக வேண்டும். கல்யாணப் பேச்சை இதனோடு முடிச்சுப் போடாதீர்கள். உதவித்தொகையோடு ஆய்வு செய்யும் பெண்ணின் படிப்பை நிறுத்தச் சொல்லும் சம்பந்தம் வந்தால், அந்தச் சம்பந்தத்தை வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏஜெண்டிடம் முன்பணம் ஏதும் கட்டியிருந்தால், அதைத் திரும்பப் பெற இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள். மாமாவிடம் மகளே பேசட்டும்.